ஓட்டை விழாத தோல்

தேசப்பன் ரங்கனை முதன்முதலில் பார்த்தது தன் வலைக்குள்தான்.

பழவேற்காட்டு ஏரியில் அன்றைக்கு இடுப்பளவு தண்ணீர். வலையை இழுத்தால் கை தாங்காத கனம். பெரிய கொடுவா மீன் விழுந்துவிட்டது என்று சாமி பெயரைச் சொல்லி இழுத்தான். வலையோடு எழுந்தது ஒரு மனுஷத் தலை. முடியெல்லாம் சேறு, பல்லில் கவ்விய பனையோலைப் பறி, பறிக்குள் துள்ளுகிற இறால். ஏரியில் குனிந்தபடியே நடந்து, கையாலேயே தடவி இறால் பிடிக்கிற கூட்டத்து ஆள்.

"என் வலையில இன்னாடா திருடறே?"

ஆள் பதில் சொல்லவில்லை. பல்லில் பறி இருக்கும்போது எப்படிச் சொல்வான்? தேசப்பனுக்கு அது தெரியாமலில்லை. ஆனாலும் கேட்ட கேள்விக்கு வாய் திறக்காதவனை நம்பக்கூடாது என்பது அவன் கட்சி. ரங்கன் நிதானமாக வலையைத் தலையிலிருந்து கழற்றினான். பறியைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னான்:

"உன் வலைக்கண்ணுல என் மூக்கே பூந்து வெளிய வருது. இதுல இறாலு நிக்குமாண்ணா? நிக்காததை எப்படித் திருடறது?"

சொல்லிவிட்டுத் திரும்பவும் பறியைக் கவ்விக்கொண்டு போய்விட்டான். தேசப்பன் வலையை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை தடவிப் பார்த்த பிறகுதான் படகைத் திருப்பினான்.

தேசப்பன் அப்படிப்பட்ட ஆள். அவன் மனைவி லோகநாயகி மீன் விற்கிற இடத்தில் சொல்லிச் சிரிப்பாள்: "காலைல சூரியன் வந்தாக்கூட, நேத்து வந்தவன்தானான்னு உத்துப் பாத்துட்டுத்தான் படகைத் தள்ளும் இந்தாளு." அதற்குக் காரணம் இல்லாமல் போகவில்லை. அவன் அப்பன் படகை முகத்துவாரத்துச் சுங்கக்காரன் ஏதோ சாக்குச் சொல்லிப் பிடுங்கிக்கொண்டான். பிடுங்கக் காரணம் என்னவென்று அப்பன் சாகிறவரை யாரும் சொல்லவில்லை. பிறகு தேசப்பன் பிறத்தியார் படகில் கூலிக்குப் போய், வயசையெல்லாம் அதில் கொட்டி, தனக்கென்று ஒரு படகு கட்டினான். அந்தப் படகை அவன் கரையில் ஏற்றினால் அதைத் தள்ளும் கழியைத் தனியாக வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவான்.

அப்போது பழவேற்காட்டில் உலாந்தாக்காரர்களின் கோட்டை. டச்சுக்காரர்களை ஊர் அப்படித்தான் சொல்லும். கோட்டைக்கு மான் தோல் வேண்டியிருந்தது. கிழக்கே, கப்பல் போய்ச் சேரவே மாசக்கணக்காகிற ஒரு தேசத்தில் அதற்கு அப்படியொரு கிராக்கியாம். ஏரிக்கு அந்தப்புறம் அரிக்கோட்டைத் தீவில் புள்ளிமான் மந்தை மந்தையாக மேய்ந்தது. முதல் வருஷம் கோட்டைச் சிப்பாய்கள் தாங்களே துப்பாக்கியோடு போனார்கள். அவர்கள் போட்ட பூட்ஸ் சத்தத்தில் தீவே காலியானது. ஒரு முயலும் ஊர்ப்பட்ட காய்ச்சலும் கொண்டுவந்தார்கள். அந்த வருஷத்து வேட்டை அவ்வளவுதான்.

சிப்பாய்களுக்கு மூட்டை தூக்கப் போனவர்களில் ரங்கன் ஒருத்தன். தீவில் எந்தப் புதருக்குப் பின்னால் எந்த ஊற்று என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. துப்பாக்கியில் வெடிமருந்து போடுவதையும் ஈயக்குண்டு இடிப்பதையும் திரி வைப்பதையும் பார்த்துப் பார்த்தே பிடித்துக்கொண்டான். அடுத்த தையில் கோட்டைத் துரை துப்பாக்கியை அவன் கையில் கொடுக்கச் சொன்னார்.

ஆனால் சும்மா கொடுப்பார்களா? துரைக்கும் ஊருக்கும் நடுவில் நின்று பேசுகிற துபாஷி திருவேங்கடம், தேசப்பனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ரங்கனுக்கு இருக்கிறது ஒரு குடிசை, ஒரு பெண்டாட்டி, ஒரு பறி. நாளைக்கு ஓடிப்போனா நான் எதைப் பிடிக்கிறது? நீ ஜாமீன் நில்லு. தீவுக்கு உன் படகுலதான் போகணும், வரணும். துப்பாக்கியோ மருந்தோ கை மாறிச்சுன்னா அவன் கடல் தாண்டிப் பத்தாவியாவுக்கு விலங்கோட கப்பலேறுவான். உன் படகு கோட்டைக்கு."

"மாறலேன்னா, ஐயா?"

"முகத்துவாரத்துல உன் வலைக்குச் சுங்கம் கிடையாது. துரைக்குத் தோல் போதும். கறியை நீங்க பிரிச்சுக்குங்க. என்ன யோசிக்கிறே? ஏதாவது மனசுல வச்சிருக்கியா?"

இப்படிக் கேட்டால் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? தேசப்பன் தலையாட்டிவிட்டு வந்தான். வீட்டில் லோகநாயகி, "படகையா வச்சே? என்னை வச்சிருந்தாக்கூடப் பரவால்லையே" என்றாள்.

தை முடிந்து வெயில் ஏற ஏறத் தீவில் குட்டைகள் வற்றும். மான்கள் இரண்டொரு ஊற்றுக்குத்தான் வந்தாக வேண்டும். அதுதான் வேட்டைக்காலம். கிளம்புகிற அன்றைக்குக் கோட்டை வாசலில் மாட்டுக்கொம்பில் மருந்தை அளந்து போடுவார்கள். ரங்கன் உடம்பெல்லாம் சேறு பூசிக்கொண்டு ஊற்றுக்குப் பக்கத்துக் காரைப் புதரில் படுப்பான். திரி புகைகிற நாற்றம் மானுக்கு எட்டிவிடும் என்று, காற்று தன் முகத்தில் அடிக்கிற பக்கமாகப் படுத்து, திரி நுனியை உடைந்த சட்டிக்குள் மறைத்துவைப்பான். மான் குனிந்து தண்ணீரில் வாய் வைத்து, ஒரு தடவை நிமிர்ந்து பார்த்து, திரும்பவும் குனியும்வரை காத்திருப்பான். குண்டு காதுக்குப் பின்னால் பாயும். தலைத்தோலைக் கோட்டை எடுப்பதில்லை. அதனால் அவன் கொண்டுவருகிற தோலில் ஓட்டையே இருக்காது. தோலைத் தடவிப் பார்த்த துரைக்கு வாயெல்லாம் பல்.

தேசப்பன் அவன் சுட்டதை முதல் இரண்டு மூன்று தடவை கூடவே போய்ப் பார்த்தான். அப்புறம் போகவில்லை. தண்ணீர் இறங்குகிற நேரத்தில் படகை விட்டுவிட்டுப் போனால் சேற்றில் உட்கார்ந்துவிடும். படகிலிருந்தபடி வெடிச் சத்தத்தைக் கேட்பான்.

முதல் மானைக் கரையில் அறுத்தபோதே சண்டை வந்தது. தேசப்பன் மூன்று கூறு போட்டான். உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று, படகுக்கு ஒன்று.

"படகா மானைச் சுட்டுது?" என்றான் ரங்கன்.

"படகு இல்லாம நீந்தியா வந்தே? கடலுக்குப் போறவன் யாரையாச்சும் கேளு. படகுக்குப் பங்கு, வலைக்குப் பங்கு. அப்பாலதான் ஆளு."

"எங்காளுங்க எது புடிச்சாலும் சமமாப் பிரிச்சுக்குவோம். பறிக்குன்னு ஒரு பங்கு வச்சா, பறி தின்னுமா?"

"நீங்க அப்படித்தான் கீறீங்க. அதான் உங்ககிட்டப் படகு இல்லே."

ரங்கன் அந்த மூன்று கூறையும் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினான். "நியாயம்தான்ணா. எடுத்துக்கோ" என்றான். சண்டையில் இவ்வளவு சுலபமாக ஜெயித்தது தேசப்பனுக்குப் பிடிக்கவில்லை. இவன் எங்கேயோ வேறு கணக்கு வைத்திருக்கிறான் என்று அன்றைக்கே தோன்றியது.

பங்குனியில் துபாஷி மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை உட்காரச் சொல்லவில்லை.

"மருந்துசாலையில மருந்து குறையுது. மேற்கே பாளையக்காரன் ஆளுங்க சுடற சத்தம் நம்ம மருந்துச் சத்தம்னு துரை சொல்றாரு. ரங்கன் கொண்டாற தோல்ல ஓட்டையே இல்லையேப்பா. அவன் கண்ணி வச்சு மானைப் புடிச்சிட்டு மருந்தை வித்துட்டா?"

"அவன் சுட்டதை நான் என் கண்ணால பாத்தேனுங்க, ஐயா."

"எல்லாத்தையும் பாத்தியா?"

தேசப்பன் மனசுக்குள் எண்ணிப் பார்த்தான், மூன்றுக்கு மேல் போகவில்லை.

"உன் படகு நல்ல படகு" என்று சொல்லி துபாஷி உள்ளே போய்விட்டார்.

அதுவரை கவனிக்காமல் விட்டதெல்லாம் ஒவ்வொன்றாகத் தேசப்பன் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. திரும்பி வரும்போது ஏரி நடுவில் ஒரு மணல் திட்டு. நாணலும் நாலு ஈச்சம் செடியும் தவிர அங்கே ஒன்றும் கிடையாது. வேட்டை முடிந்து வருகிற ஒவ்வொரு தடவையும் ரங்கன் அங்கே இறங்கிக்கொள்வான். "நண்டு பாத்துட்டு நடந்தே வந்துர்றேண்ணா" என்பான். முழங்கால் தண்ணீர்தான், அவன் கூட்டத்தார் ஏரியை நடந்தே கடப்பவர்கள், அதனால் தேசப்பனும் விட்டுவிட்டான். ஆனால் கறி மூட்டையோடு எவனாவது நண்டு பார்க்க இறங்குவானா?

அடுத்த வேட்டையில் உற்றுப் பார்த்தான். ரங்கன் திட்டில் இறங்கும்போது தோளில் இருந்த மூட்டை பெரிசு. கோட்டைப் படித்துறையில் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்க நடந்து வந்தபோது மூட்டை பாதியாக இருந்தது.

"நண்டு கிடைச்சுதாடா?"

"இல்லேண்ணா. இன்னிக்கு வளையில எதுவும் இல்லே."

"மூட்டை இளைச்சிட்டாப்போல கீது?"

"வெயில்ல தண்ணி வத்தியிருக்கும்ணா" என்று சொல்லி ரங்கன் சிரித்தான். தேசப்பன் சிரிக்கவில்லை.

மறுநாள் மீன் விற்கிற இடத்தில் ரங்கன் மனைவி முனியம்மாள் இறால் கூறு போட்டுக்கொண்டிருந்தாள். தேசப்பன் விலை கேட்கிற மாதிரி நின்றான்.

"கறி நேத்து நல்லா இருந்துதா, முனியம்மா?"

அவள் நிமிர்ந்து பார்த்த பார்வையே சரியில்லை. "எங்க இருந்துது, தின்னு பாக்க? ஒரு முழு மானை அறுக்கிறீங்க, எங்க வீட்டுக்கு வர்றது ஒரு சட்டிக்குக் காணலே. கேட்டா, பங்கு அவ்ளோதான்றாரு எங்காளு. படகுக்காரருக்கு வயிறு பெருசு போல."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தேசப்பனுக்கு அவமானத்தைவிடப் பயம்தான் அதிகமாக வந்தது. கொடுத்த பங்கு முழுசு. வீட்டுக்குப் போவது பாதி. மீதிப் பாதியும், அதோடு சேர்த்து வேறு எதுவும், திட்டில் யார் கைக்குப் போகிறது? கறியில் பொதிந்து மருந்தை வைத்தால் எந்தக் காவல்காரன் பிரித்துப் பார்ப்பான்?

அன்று மத்தியானமே படகைத் திட்டுக்கு விட்டான். நாணலுக்கு அந்தப்பக்கம் ஓரிடத்தில் முள் வெட்டிப் போட்டிருந்தது. முள்ளைக் கழியால் தள்ளி மணலைக் கையால் வாரினான். பானை வாய் தட்டுப்பட்டது. துணி கட்டி, மேலே மெழுகு பூசி, களிமண் அப்பியிருந்தது. பக்கத்திலேயே இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. கோட்டை மருந்துசாலையில் ஈரம் ஏறாமலிருக்கப் பானைக்கு வாய் பூசுவது இதே மாதிரிதான்.

தேசப்பன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். ஒரு பானையின் வாயைக் கழியால் ஒரு தட்டுத் தட்டினால் தெரிந்துவிடும். தட்டவில்லை. திறந்து பார்த்து உள்ளே மருந்து இருந்தால், அந்த நிமிஷத்திலிருந்து அவனும் கூட்டு. திறக்காவிட்டால், எனக்கென்ன தெரியும் என்று நிற்கலாம். மணலை மூடி, முள்ளை இருந்தபடியே இழுத்துப் போட்டான்.

லோகநாயகியிடம் சொன்னபோது அவள் உப்புப் போட்டுக்கொண்டிருந்த மீனை அப்படியே வைத்தாள்.

"அவனையே கேளேன்."

"கேட்டா இன்னிக்கே பானையை மாத்திடுவான். அப்பால படகு போச்சு."

"சொன்னா அந்தாளு போச்சேய்யா. விலங்கு மாட்டிக் கப்பல்ல ஏத்துவாங்க. மருந்துன்னு நீ பாத்தியா?"

"வேற இன்னாத்தைப் பூமியில பொதைப்பான்? நாளைக்கு அவங்களே கண்டுபுடிச்சா, தெரிஞ்சு சொல்லலேன்னு என்னையும் சேத்து ஏத்துவாங்க. அப்ப நீ இன்னா பண்ணுவே?"

தேசப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கோட்டைக்குப் போனான்.

மறுநாள் காலையில் துரையே வந்துவிட்டார். தேசப்பன் படகிலேயே துரை, துபாஷி, மூன்று சிப்பாய்கள். நடுவில் கை கட்டப்பட்ட ரங்கன். இழுத்து வந்தபோது முனியம்மாள் கரையில் மண்ணை வாரித் தூற்றியது படகில் இருந்தவர்கள் மேலெல்லாம் விழுந்திருந்தது. ரங்கன் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "எங்கண்ணா போறோம்?" தேசப்பன் கழியை ஊன்றுவதிலேயே கண்ணாக இருந்தான். திட்டு தெரிந்ததும் ரங்கனுக்குப் புரிந்துவிட்டது.

சிப்பாய்கள் மணலை வாரிப் பானைகளை வெளியே வைத்தார்கள். துரை குழாயில் புகைத்துக்கொண்டிருந்த புகையிலையைத் தண்ணீரில் தட்டி அணைத்துவிட்டு, எல்லாரையும் தள்ளி நிற்கச் சொன்னார்.

"நீதானே கண்டுபிடிச்சே? நீயே உடை" என்றார் துபாஷி, தேசப்பனிடம்.

கழியால் முதல் பானையைத் தட்டினான். ஓடு பிளந்தது. கறுப்பாக ஏதோ சரிந்தது. மருந்து சரிந்தால் பொடியாகச் சரிய வேண்டும். இது துண்டு துண்டாக விழுந்தது. அப்புறம்தான் மூக்கில் ஏறியது. உப்பும் மஞ்சளும் போட்டு வெயிலில் காய்ந்த கறி வாசம். உப்புக்கண்டம்.

அடுத்த பானையும் அதுதான். எல்லாப் பானையும் அதுதான். ஒரு சிப்பாய் அடியில் கையை விட்டுத் துழாவினான். மருந்து ஒரு சிட்டிகை இல்லை.

"என்னடா இது?" என்று துபாஷி கத்தினார். கோபம் யார் மேல் என்று அவருக்கே தெரியவில்லை.

"துப்பாக்கிப் பங்கு, சாமி" என்றான் ரங்கன்.

"என்ன பங்கு?"

"படகுக்குப் பங்கு உண்டுன்னு அண்ணன் சொன்னாரு. படகு அவருது, அவரு எடுத்துக்கினாரு. அப்ப துப்பாக்கிக்கும் உண்டுல்ல? துப்பாக்கி துரையோடது. அவரு எடுத்துக்கலே. நான் எடுத்துவச்சேன். காலம் முடிஞ்சதும் கொண்டாந்து குடுக்கலாம்னு. பச்சையா வச்சா நாறிடும், வீட்டுல வச்சா எங்காளுங்க பிரிச்சுத் தின்னுடுவாங்க."

"யார் பங்குலேர்ந்து எடுத்தே?"

"என் பங்குலேர்ந்துதான். வேற யாரைக் கேக்கறது?"

துபாஷி இதைத் துரைக்குச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் சொல் கிடைக்காமல் நின்று, மறுபடி ஆரம்பித்தார். துரை இரண்டு தடவை திருப்பிக் கேட்டார். பிறகு தேசப்பனைக் காட்டி ஏதோ கேட்டார்.

"இவன்கிட்டயாவது ஏன் சொல்லலேன்னு கேக்கறாரு."

ரங்கன் தயங்கினான். "சொல்லியிருப்பேன், சாமி. சொன்னா அதுலயும் படகுக்கு ஒரு பங்கு கேப்பாரேன்னுதான்."

துபாஷி அதையும் சொன்னார். துரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிப்பாய்கள் சிரித்தார்கள். ரங்கன் கைக்கட்டை அவிழ்த்தபோதும் சிரித்துக்கொண்டுதான் அவிழ்த்தார்கள். பானைகளைப் படகில் ஏற்றச் சொன்னார் துரை. துப்பாக்கி தன்னுடையது, பங்கும் தன்னுடையது என்பது அவருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. இனி ஒவ்வொரு மானுக்கும் அந்தப் பங்கு கோட்டைக்கு வந்துவிட வேண்டும் என்று அங்கேயே உத்தரவு போட்டார்.

படகில் ஏறும்போது ரங்கன் பின்தங்கினான். நடந்தே வருகிறேன் என்றான். தேசப்பன் தண்ணீரில் இறங்கி அவன் பக்கத்தில் போனான்.

"ரங்கா, ஏறுடா."

"ஒரு பானையைத் திறந்து பாத்திருக்கலாம்லண்ணா?"

"திறந்து, உள்ள மருந்தா இருந்திருந்தா?"

"அப்ப போய்ச் சொல்லியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு ரங்கன் தண்ணீரில் நடக்க ஆரம்பித்தான். கட்டியிருந்த மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே நடந்தான்.

மறுநாள் துப்பாக்கியையும் கொம்பையும் கோட்டை வாசலில் வைத்துவிட்டுப் போனவன் திரும்ப வரவில்லை. துபாஷி ஆள் அனுப்பினார், அரிசி தருவதாகச் சொன்னார், மிரட்டவும் செய்தார். கண் சரியாகத் தெரியவில்லை என்று பதில் வந்தது. ரங்கன் சுட்ட அந்த ஒரு வருஷம் கோட்டை மதிலின் உள்பக்கத்தில் தோல் காயாத இடமே இல்லை, தடவிப் பார்த்தால் ஒன்றிலும் விரல் நுழையவில்லை. அடுத்த தையில் சிப்பாய்களே மறுபடி போனார்கள். வந்த தோல்கள் சல்லடை மாதிரி இருந்தன. அதுவும் ஒரு கட்டுக்கு மேல் இல்லை. கப்பல்காரன் அவற்றை வாங்கவே யோசித்தானாம்.

மருந்துசாலையில் மருந்து குறைவது மட்டும் நிற்கவில்லை. யார் எடுத்தது என்று கடைசிவரை தெரியவில்லை. தேசப்பனுக்குத் துபாஷி மேலேயே சந்தேகம் இருந்தது. அதை அவன் லோகநாயகியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. சொன்னபோது அவள், "அங்க பானை எதுனா கண்டியா?" என்று கேட்டுவிட்டு அடுப்பை ஊதப் போய்விட்டாள். அதற்கப்புறம் அவளிடமும் சொல்வதில்லை.

ரங்கனும் முனியம்மாளும் இப்போது அரிக்கோட்டைத் தீவின் வடகோடியில் இருக்கிறார்கள். இறாலும் நண்டும் பிடிக்கிறார்கள், பழவேற்காட்டுப் பக்கம் விற்க வருவதில்லை. தேசப்பன் அதே ஊரில்தான் இருக்கிறான். வேட்டைக்காலத்தில் சிப்பாய்களைத் தீவுக்கு ஏற்றிப்போய் இறக்கிவிட்டு வருகிறான். படகு அவனிடமே இருக்கிறது.